இலக்கணப் பிழையா, வேண்டுமென்றே செய்ததா? ‘ஐ காட் ரிதம்’ எழுதிய ஐரா கெர்ஷ்வினின் கதை

‘ஐ காட் ரிதம்’. இந்த மூன்று சொற்களைப் பார்த்ததும், பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்த நம்மில் பலருக்குக் கை சும்மா இருக்காது. ‘என்னிடம் தாளம் இருக்கிறது’ என்று சொல்ல வேண்டுமானால் ‘ஐ ஹேவ் காட் ரிதம்’ என்றோ, சுருக்கி ‘ஐவ் காட் ரிதம்’ என்றோதானே வரவேண்டும்? ‘ஐ காட்’ என்றால் ‘எனக்குக் கிடைத்தது’ என்று இறந்த காலம் ஆகிவிடாதா? அலுவலக மின்னஞ்சலில் இப்படி எழுதினால் கணினியே அடிக்கோடு போட்டுக் காட்டும்.

ஆனால் 1930-ல் நியூயார்க்கில் அரங்கேறிய இந்தப் பாட்டு, அமெரிக்காவின் மிகப் பிரபலமான பாடல்களில் ஒன்று. இதை எழுதியவர் ஆங்கிலம் தெரியாதவரும் இல்லை. அகராதிகளை விரும்பிப் புரட்டியவர், ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்தவர். வேலையில் அவ்வளவு நுணுக்கம் பார்த்ததால் அவருக்கு ‘நகைக்கொல்லர்’ என்ற பட்டப்பெயரே உண்டு. பெயர் ஐரா கெர்ஷ்வின்.

அப்படியானால் இந்தத் தலைப்பை ஏன் ‘தப்பாக’ எழுதினார்? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

பல மொழிகள் கேட்ட தெரு

ஐரா பிறந்தது 1896 டிசம்பர் 6-ம் தேதி. இடம், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ஹெஸ்டர் தெருவும் எல்ட்ரிட்ஜ் தெருவும் சந்திக்கும் முனை. ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். அந்தப் பகுதி முழுக்க அப்போது இப்படிக் கப்பல் ஏறி வந்தவர்கள்தான். வீட்டில் யிட்டிஷ், பள்ளிக்கூடத்தில் திருத்தமான ஆங்கிலம், தெருவில் எல்லாம் கலந்த ஓர் ஆங்கிலம் என்று மூன்றையும் கேட்டு வளர்ந்த பிள்ளை.

அவருடைய பெயரிலேயே ஒரு குழப்பம் இருந்தது. வீட்டில் எல்லோரும் ‘இஸ்ஸி’ என்று கூப்பிட்டார்கள். தன் பெயர் இசிடோர் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். 1928-ல் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் பிறப்புப் பதிவில் இஸ்ரேல் என்று இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு 31 வயது.

அப்பா மோரிஸ் ஒரே தொழிலில் நிலைத்து நின்றவர் இல்லை. உணவகம், துருக்கியக் குளியல் நிலையம் என்று மாறி மாறி நடத்தினார். தொழில் மாறும்போதெல்லாம் வீடும் மாறும். ஐரா வளர்ந்து முடிப்பதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் மாறியாகிவிட்டது. ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு விதமான பேச்சு காதில் விழுந்தது.

1910-ல் வீட்டுக்கு ஒரு பியானோ வந்தது. மூத்த பிள்ளை ஐரா படிக்கட்டும் என்றுதான் வாங்கினார்கள். ஆனால் அதில் போய் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியவர் தம்பி ஜார்ஜ். ஐராவுக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. நிம்மதியாகப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்.

பள்ளியில் அவருக்குக் கிடைத்த நண்பர் யிப் ஹார்பர்க். பின்னாளில் ‘ஓவர் தி ரெயின்போ’ பாட்டை எழுதியவர் இவர்தான். கில்பர்ட்டும் சல்லிவனும் உருவாக்கிய ஆங்கில இசை நாடகங்கள் மீது இருவருக்கும் பெரிய ஈர்ப்பு. கில்பர்ட்டின் வேடிக்கைக் கவிதைகளைப் படித்து ரசித்த ஹார்பர்க்குக்கு, அவற்றை எழுதியவரின் வரிகள் இசையோடும் உண்டு என்று இசைத்தட்டு போட்டுக் காட்டியவர் ஐரா. பிறகு சிட்டி காலேஜ் மாணவர் இதழில் இருவரும் சேர்ந்து ஒரு பத்தி எழுதினார்கள். பட்டம் வாங்காமலே ஐரா கல்லூரியை விட்டார். அப்பாவின் குளியல் நிலையத்தில் காசாளராக உட்கார்ந்தார்.

தம்பி பெயரை மறைத்த அண்ணன்

ஜார்ஜ் அதற்குள் வளர்ந்துவிட்டார். இருபது வயதிலேயே இசையமைப்பாளராகப் பெயர் வாங்கிவிட்டார். தம்பியின் பெயரைச் சொல்லி மேலே வந்துவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக ஐரா ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார்: ஆர்தர் ஃபிரான்சிஸ். இன்னொரு தம்பி ஆர்தர், தங்கை ஃபிரான்சஸ், இரண்டையும் சேர்த்தால் வந்த பெயர். 1921-ல் ‘டூ லிட்டில் கேர்ள்ஸ் இன் ப்ளூ’ என்ற இசை நாடகம் அந்தப் பெயரில் அவருக்கு முதல் வெற்றியைத் தந்தது.

1924 டிசம்பரில் ‘லேடி, பி குட்’ பிராட்வேக்கு வந்தது. இசை ஜார்ஜ், பாடல்கள் ஐரா, மேடையில் ஃபிரெட் அஸ்டேரும் அவருடைய அக்கா அடேலும். இந்த முறை புனைபெயர் இல்லை. அதில் வந்த ‘ஃபாசினேட்டிங் ரிதம்’ பெரிய வெற்றி.

அந்தத் தலைப்பைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அப்பா மோரிஸின் காதில் அது ‘ஃபேஷன் ஆன் தி ரிவர்’ என்று விழுந்ததாம். மகனுடைய பாட்டை அந்தப் பெயரிலேயே கேட்டுக்கொண்டிருந்தாராம். வேறு மொழியில் வளர்ந்த காது, தனக்குத் தெரிந்த சொற்களை வைத்து இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆங்கிலப் பாட்டை முதல்முறை கேட்கும் நமக்கும் இது தெரிந்த அனுபவம்தானே.

இப்படி ஓர் அப்பாவோடு வளர்ந்த ஐராவுக்கு ஒன்று நன்றாகப் புரிந்திருந்தது. பாட்டு முதலில் காதுக்குத்தான் போகிறது. கண்ணும் இலக்கணப் புத்தகமும் அப்புறம்தான்.

‘இட்’ எங்கே போச்சு?

1927 நவம்பரில் வந்த ‘ஃபன்னி ஃபேஸ்’ நாடகத்தில் ஒரு காதல் பாட்டு. தலைப்பு ‘ஸ் வொண்டர்ஃபுல்’. எழுத்தில் பார்த்தால் அச்சுப்பிழை மாதிரி இருக்கும். ‘இட்ஸ் வொண்டர்ஃபுல்’ என்பதில் ‘இட்’ காணாமல் போய், ‘இஸ்’ஸின் மிச்சமான ஒரே ஒரு ‘ஸ்’ மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆங்கிலத்தைப் பேசி வளர்ந்தவர்களுக்கு இதில் திணறலே இல்லை. காரணம், அவர்கள் அன்றாடம் இப்படித்தான் பேசுகிறார்கள். வாக்கியத்தின் முதலில் வரும் அழுத்தமில்லாத சின்னச் சொற்களை வாய் விழுங்கிவிடும். ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல ‘இட்’ என்ற எழுவாய் தேவையே இல்லை என்கிற அளவுக்கு அது பழகிப்போனது. அதனால் ‘ஸ்’ என்ற ஒற்றை ஒலி கேட்டதும், முழு வாக்கியத்தையும் காது தானாகக் கட்டிக்கொள்ளும். கூடவே இன்னொன்றும் புரியும்: பேசுகிறவர் மூச்சு முட்டும் சந்தோஷத்தில் இருக்கிறார், முழுசாகச் சொல்லக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

இந்தப் பாட்டை எழுதியதன் நோக்கமே அந்தச் சீறும் ‘ஸ்’ ஒலிதான் என்று ஐரா பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் மேடையேறிய சில பாடகர்கள் அதைத் திருத்திவிட்டார்கள். ‘இட்ஸ்’ என்று தெளிவாக, மரியாதையாக உச்சரித்தார்கள். இலக்கணம் சரியானது, பாட்டு போச்சு. ஐராவுக்கு அது எரிச்சலைத் தந்தது.

73 அசைகள், இரண்டு வாரம்

இப்போது ‘ஐ காட் ரிதம்’. 1930 அக்டோபர் 14-ம் தேதி ஆல்வின் தியேட்டரில் ‘கேர்ள் கிரேஸி’ நாடகம் தொடங்கியது. ஒரு புதுமுகம் மேடைக்கு வந்து இந்தப் பாட்டைப் பாடினார். எதெல் மெர்மன். இரண்டாவது சுற்றில் ஒரே சுரத்தை அவர் நீளமாகப் பிடித்து நின்றது இன்றும் பிராட்வேயில் பேசப்படும் சங்கதி. ஒரே இரவில் நட்சத்திரம் ஆனார்.

கெர்ஷ்வின் சகோதரர்களிடம் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொற்கள் பிறகு. இந்த மெட்டு ஐராவைப் பாடாய்ப் படுத்தியது. பல்லவிக்கு மொத்தமே 73 அசைகள். இரண்டு வாரத்துக்கும் மேல் விதவிதமான தலைப்புகளையும் இரட்டை எதுகைகளையும் வைத்து முயன்று பார்த்தார். எல்லாமே விளையாட்டுப் பாட்டு மாதிரி ஒலித்தது. கடைசியில் எதுகையை ஏறக்குறைய கைவிட்டார். நேரடியான, துண்டு துண்டான கூற்றுகள் போதும் என்று முடிவு செய்தார். அப்போதுதான் மெட்டின் முரட்டுத்தனம் வெளியே வந்தது.

‘ஐவ்’ வேண்டாம், ‘ஐ’ போதும் என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. இரண்டுக்கும் அசை எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் ‘ஐவ் காட்’ என்று சொல்லிப் பாருங்கள். கீழுதடு பல்லைத் தொட்டு ‘வ்’ சொல்லி, உடனே நாக்கின் அடிப்பகுதி மேலே போய்க் ‘கா’ சொல்ல வேண்டும். நடுவில் ஒரு சின்னத் தடை. ‘ஐ காட்’ என்றால் தடையில்லை, அடி நேராக விழும். தாளத்தைப் பற்றிய பாட்டில் தாளமே தடுக்கி விழலாமா?

சரி, கேட்பவர்களுக்குக் குழப்பம் வராதா? வராது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், பேச்சு அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஹேவ் காட்’ சுருங்கிச் சுருங்கி ‘காட்’ மட்டுமே நிற்பது சாதாரணம். நாம் ‘இருக்கிறது’ என்று எழுதிவிட்டு ‘இருக்கு’ என்று பேசுகிற மாதிரி. ‘இருக்கு’ என்று யாராவது சொன்னால் நமக்குப் பிழை என்று தோன்றாது. பழக்கமான ஆள் பேசுகிறார் என்றுதான் தோன்றும்.

இரண்டாவது, அமெரிக்கர்களிடம் ஒரு கூடுதல் வசதி உண்டு. ‘கிடைத்திருக்கிறது’ என்று சொல்ல அவர்கள் ‘ஹேவ் காட்டன்’ என்று தனியாக ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். அதனால் ‘ஹேவ் காட்’ என்றாலே ‘கையில் இருக்கிறது’ என்ற பொருள்தான் முன்னால் வரும். அதிலிருந்து பிறந்த ‘ஐ காட்’டும் அப்படியே.

மூன்றாவது, பொருள்தான் காலத்தைத் தீர்மானிக்கிறது. ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் கடிதம் வந்தது என்று புரியும், ஏனென்றால் கடிதம் வருகிற பொருள். தாளம் தபாலில் வராது. அது ஒருவரிடம் இருக்கும் அல்லது இருக்காது. எனவே ‘என்னிடம் இருக்கு’ என்பதைத் தவிர வேறு பொருளுக்குக் காது போவதே இல்லை.

இதற்கு மேல் ஒன்று உண்டு. பாடுகிற கதாபாத்திரம் கேட், சூதாட்டக் கூடமும் மதுவும் நிறைந்த உலகத்தைச் சேர்ந்த துணிச்சலான பெண். அவள் ‘ஐ ஹேவ் காட்’ என்று வகுப்பறை ஆங்கிலம் பேசினால் அவளே இல்லை. 1930 பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். கையில் காசு இல்லாதவர்கள் நிறைந்த ஊரில், காசு கொடுத்து வாங்க முடியாத விஷயங்கள் தன்னிடம் இருக்கு என்று ஒருத்தி மார்தட்டுகிறாள். அந்த மார்தட்டலின் சத்தம்தான் ‘ஐ காட்’.

தேவாலயச் சொல்லும் தெருச்சொல்லும்

எல்லா விசித்திரத் தலைப்பும் கொச்சை வழியாகவே வருவதில்லை. 1931 டிசம்பரில் அரங்கேறிய ‘ஆஃப் தீ ஐ சிங்’ நாடகத்தின் பெயரைப் பாருங்கள். சொல் வரிசை தலைகீழ். ‘தீ’ என்பது ‘உன்னை’ என்பதற்கான பழைய வடிவம், அன்றாடப் பேச்சில் செத்துப்போன சொல்.

அமெரிக்கர்களுக்கு இது உடனே புரியும். அவர்கள் பள்ளியில் பாடிய ஒரு தேசபக்திப் பாடலிலிருந்து எடுத்த தொடர் இது. கேட்டதும் கொடியும் அணிவகுப்பும் கண்முன் வரும். நாடகமோ அரசியல் கேலி. காதலையே தேர்தல் வாக்குறுதியாக வைத்து ஒருவர் ஜனாதிபதி ஆகிற கதை. தலைப்புப் பாட்டில் அந்தப் புனிதமான தொடரின் பின்னால் ஐரா ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்: ‘பேபி’. பழைய தேசபக்தி மொழி ஒரு பக்கம், தெருமுனைக் கொஞ்சல் மறுபக்கம். மொத்த நாடகத்தின் கேலியும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

1932-ல் இந்த நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஓர் இசை நாடகம் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. கதை எழுதிய ஜார்ஜ் காஃப்மன், மோரி ரிஸ்கிண்ட் ஆகியோரோடு பாடலாசிரியர் ஐராவுக்கும் பரிசு. இசையமைத்த தம்பிக்கு இல்லை, ஏனென்றால் அது எழுத்துக்கான பரிசு. தம்பியின் நிழல் என்று பேசப்பட்டவருக்கு இப்படியும் ஒரு நாள் வந்தது.

அடுத்தவர் வாயில் வைத்த சொல்

இதுவரை பார்த்தது சிரிப்பும் காதலும். இதே உத்தி சிக்கலான இடத்துக்கும் போகும் என்பதைக் காட்டியது ‘போர்கி அண்ட் பெஸ்’. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழும் ஏழைக் கறுப்பின மக்களின் கதை. டுபோஸ் ஹேவர்டின் 1925-ம் ஆண்டு நாவல்தான் மூலம். ஜார்ஜ் இசையமைக்க, ஹேவர்டும் ஐராவும் பாடல்களை எழுதினார்கள். 1935 அக்டோபரில் நியூயார்க்கில் அரங்கேறிய இந்த ஓபராவின் மேடையில் முதன்மைப் பாத்திரங்கள் அனைத்தையும் ஏற்றவர்கள் கறுப்பினக் கலைஞர்கள்.

அதில் ஒரு பாட்டின் தலைப்பு ‘பெஸ், யூ இஸ் மை உமன் நவ்’. ‘யூ’வுக்கு ‘ஆர்’ தானே வரவேண்டும்? இன்னொன்று ‘ஐ காட் பிளென்டி ஓ நட்டின்’. ‘என்னிடம் ஏராளமாக இருக்கு, ஒன்றுமில்லாமை’ என்பது போன்ற ஒரு முரண். இந்தத் தலைப்பைச் சொன்னவர் ஐரா. ஹேவர்ட் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பாட்டின் வரிகளை எழுதத் தொடங்கினார்.

ஐந்து வருடத்துக்கு முன் கேட் சொன்ன அதே ‘ஐ காட்’டை இங்கே போர்கி சொல்கிறார். சொல் மாறவில்லை, கேட்கும் விதம் மாறிவிடுகிறது. கேட் சொல்லும்போது அமெரிக்கர்கள் காதில் விழுந்தது திமிர். போர்கி சொல்லும்போது விழுவது ஒரு சமூகத்தின் வட்டார மொழி. ‘யூ இஸ்’ஸும் அப்படித்தான். எல்லா எழுவாய்க்கும் ‘இஸ்’ஸையே வைப்பது கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சு வழக்குகளில் காணப்படுகிற ஒன்று. பேசுகிறவருக்கு அது இயல்பான பேச்சு.

ஆனால் அதை எழுதியவர்கள் வெள்ளையர்கள். இங்கேதான் பிரச்சினை. சிலருக்கு அந்தத் தலைப்புகள் கதாபாத்திரத்துக்கு உயிர் கொடுத்தன. வேறு பலருக்கு, கறுப்பினத்தவர் என்றாலே இப்படித்தான் பேசுவார்கள் என்ற பழைய கேலியின் தொடர்ச்சியாகத் தெரிந்தன. 1959-ல் திரைப்படமாக எடுத்தபோது போர்கி வேடத்தை ஹாரி பெலஃபான்டே மறுத்துவிட்டார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஒரு ‘தப்பான’ தலைப்பைக் கேட்கும் அமெரிக்கரின் மனதில் யார் பேசுகிறார் என்ற கேள்வியோடு, யார் எழுதியது என்ற கேள்வியும் வந்து நிற்கிறது.

இதே ஓபராவில் ‘இட் எய்ன்ட் நெசஸரிலி ஸோ’ என்ற பாட்டும் இருக்கிறது. பைபிள் கதைகளை நம்பாத, கிண்டல் பேசும் ஒரு போக்கிரி பாடுவது. ‘எய்ன்ட்’ பள்ளி ஆசிரியர்கள் காலம்காலமாக அடித்துத் திருத்திய தெருச்சொல். ‘நெசஸரிலி’ சட்டப் புத்தகத்தில் வருகிற மாதிரியான கனமான சொல். இரண்டும் ஒரே மூச்சில் வந்ததும் ஆளைப் பிடித்துவிடலாம்: கொஞ்சம் படித்தவன் மாதிரி காட்டிக்கொள்கிற, நாக்கு நீண்ட மனிதன். ‘இட் இஸ் நாட் நெசஸரிலி ஸோ’ என்று திருத்திப் பாருங்கள். பாதிரியாரே பேசுவதுபோல் ஆகிவிடும்.

தம்பி இல்லாத வீடு

1936-ல் சகோதரர்கள் ஹாலிவுட் போனார்கள். மறு வருடம் வந்த ‘ஷல் வீ டான்ஸ்’ படத்தில் ‘லெட்ஸ் கால் தி ஹோல் திங் ஆஃப்’ என்ற பாட்டு. ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் சக்கரக் காலணியோடு ஆடும் காட்சி. காதலர்கள் சண்டை போடும் காரணம், ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக உச்சரிப்பது. தக்காளியும் உருளைக்கிழங்கும்கூடத் தப்பவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே எது சரி என்பதில் ஒத்துப்போவதில்லை என்பதை ஐரா ஒரு பாட்டாகவே எழுதிவிட்டார்.

அதே வருடம் ஜார்ஜுக்குத் தலைவலி தொடங்கியது. சுற்றி இருந்தவர்கள் வேலைப்பளு என்று நினைத்தார்கள். மூளையில் கட்டி இருப்பது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1937 ஜூலை 11-ம் தேதி, 38 வயதில் ஜார்ஜ் இறந்தார். அவர் கடைசியாக உருவாக்கிய மெட்டு, ‘லவ் இஸ் ஹியர் டு ஸ்டே’ பாட்டுடையது. தம்பி போன பிறகு, அந்த மெட்டுக்கு அண்ணன் தனியாக உட்கார்ந்து சொற்களை எழுதி முடித்தார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் ஐரா பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1941-ல் குர்ட் வைல் இசையமைத்த ‘லேடி இன் தி டார்க்’ மூலம் மறுபடி பிராட்வேக்கு வந்தார். ஜெரோம் கெர்ன், ஹாரல்ட் ஆர்லன் என்று வேறு வேறு இசையமைப்பாளர்களோடு வேலை செய்தார்.

தப்பிப்போன மீன்

1954-ல் ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ படம். ஆர்லன் இசையில் ஜூடி கார்லண்டுக்காக ஐரா எழுதிய பாட்டு ‘தி மேன் தட் காட் அவே’. மனிதரைக் குறிக்க ‘ஹூ’ தானே வரவேண்டும், ‘தட்’ பொருட்களுக்கு அல்லவா என்ற கேள்வி வந்தது. நமக்கும் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

உண்மையில் மனிதர்களுக்கு ‘தட்’ போடுவது பழைய ஆங்கிலத்திலிருந்தே வருகிற வழக்கம். 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். ஆனால் ஐரா அதற்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தூண்டில் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரு பெருமை பேசுவார்கள்: பிடித்த மீனை விட, கைநழுவிப்போன மீன்தான் பெருசு. ஆங்கிலத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு நிலையான தொடர் உண்டு, அதில் வருவது ‘தட் காட் அவே’. அமெரிக்கர் ஒருவர் இந்தத் தலைப்பைக் கேட்டதும் அவர் மனதில் அந்த மீன் ஒரு நொடி துள்ளும். ‘ஹூ’ போட்டால் இலக்கண ஆசிரியர் சந்தோஷப்படுவார், மீன் மட்டும் நழுவிவிடும். கைவிட்டுப்போன காதலன், கதைகளில் வளர்ந்துகொண்டே போகும் அந்த மீனைப்போல் நினைவில் பெரிதாகிக்கொண்டே போகிறான் என்ற வலி அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

ஃபிராங்க் சினாட்ரா இதைப் பாடியபோது ‘மேன்’ என்பதை ‘கேல்’ என்று பெண்ணாக மாற்றினார். ‘தட்’டில் கை வைக்கவில்லை.

இந்தப் பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. அதற்கு முன் 1937-ன் ‘தே கான்ட் டேக் தட் அவே ஃப்ரம் மீ’, 1944-ன் ‘லாங் எகோ அண்ட் ஃபார் அவே’ ஆகியவையும் பரிந்துரையோடு நின்றுபோனவை. மூன்று தலைப்பிலும் ‘அவே’ என்ற சொல் இருப்பதைச் சுட்டிக்காட்டி ஐராவே நகைச்சுவையாகப் பேசியதுண்டு.

திருத்தும் முன்

1959-ல் தன் பாடல்களைப் பற்றி ‘லிரிக்ஸ் ஆன் செவரல் அகேஷன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு பாட்டும் எந்தக் கதாபாத்திரம், எந்தச் சூழலில் பாடுவதற்காக எழுதப்பட்டது என்ற குறிப்போடு இருக்கும். தலைப்பே அதைத்தான் சொல்கிறது: பல தருணங்களுக்கான பாடல் வரிகள். தருணத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பார்க்காதீர்கள் என்பதே அந்தப் புத்தகத்தின் சாரம்.

கடைசிக் காலத்தில் பெவர்லி ஹில்ஸ் வீட்டைவிட்டு அவர் அதிகம் வெளியே போகவில்லை. இசைத்தட்டுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஒழுங்குபடுத்த 1977-ல் ஓர் இளைஞரை அமர்த்தினார். பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற மைக்கேல் ஃபைன்ஸ்டைன்தான் அவர். 1983 ஆகஸ்ட் 17-ம் தேதி, 86 வயதில் ஐரா இறந்தார். அதே வருடம் பிராட்வேயின் பெரிய அரங்கம் ஒன்றுக்குக் கெர்ஷ்வின் தியேட்டர் என்று சகோதரர்கள் இருவரின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2007 முதல் வழங்கும் பாடல் விருதுக்கும் அந்தப் பெயர்தான்.

அப்படியென்றால் நாளைக்கே மேலாளருக்கு ‘ஐ காட்’ என்று மின்னஞ்சல் எழுதலாமா? வேண்டாம். அங்கே பேசுவது கேட் இல்லை, நீங்கள். எழுதுகிற இடத்துக்கு ஏற்ற ஆங்கிலம் அங்கே வேறு. ஐராவும் பேச்சிலும் எழுத்திலும் சுத்தமான ஆங்கிலம் தெரிந்தவர்தான்.

ஆனால் அடுத்த முறை ஓர் ஆங்கிலப் பாட்டின் தலைப்பு இடறினால், நமக்குப் புரியவில்லையே என்று கூச்சப்படவும் வேண்டாம், எழுதியவருக்கு இலக்கணம் தெரியாது என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள் தங்களை அறியாமலே செய்கிற வேலையை நாம் தெரிந்தே செய்யலாம். இதை யார் சொல்கிறார், யாரிடம், எந்த மனநிலையில் என்று கேட்டுப் பார்க்கலாம். இந்தத் தொடர் வேறு எங்கே புழங்குகிறது என்று தேடலாம். கடைசியாக, திருத்தி எழுதி ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். திருத்தியதும் பாட்டு செத்துப்போனால், அந்தப் பிழை அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.